அறிக்கை நன்றாயிருக்கிறதே, மாத்திரை எதற்கு?



சென்ற மாதம் ஆராதனை முடிந்ததும் சகோதரர் ஒருவர் தமது இரத்தப் பரிசோதனை அறிக்கையுடன் வந்தார். ஈராண்டுகளுக்குமுன் இருதயத்தில் ஸ்டென்ட் வைக்கப்பட்டவர் அவர். எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் 150-லிருந்து 62-ஆகக் குறைந்திருந்தது. "பாஸ்டர், சுகமாகிவிட்டது. மாத்திரையை நிறுத்திவிட்டேன். அடுத்த வாரம் சாட்சி சொல்லலாமா?" என்றார். எனக்கோ பயம் உண்டாயிற்று.

எண் குறைந்ததே அந்த மாத்திரையினால்தான். நிறுத்தினால் சில வாரங்களிலேயே பழைய அளவுக்கு ஏறிவிடும். ஸ்டாட்டின் எனப்படும் இம்மருந்துகள் கல்லீரல் கொலஸ்ட்ராலை உண்டாக்குவதைக் குறைக்கின்றன. அப்பொழுது கல்லீரல் தன் தேவைக்கு இரத்தத்திலுள்ள எல்.டி.எல்.-ஐ இழுத்துக்கொள்கிறது. இவ்வகையில் முதலாவது பொருளை 1973-இல் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஒரு பூஞ்சணத்திலிருந்து கண்டெடுத்தார்.

ஆனால் தமனியின் சுவருக்குள் பல ஆண்டுகளாய்ச் சேர்ந்த கொழுப்புப் படிவு, குழாய் அழுக்கைப்போலக் கழுவுண்டு போவதில்லை. 2006-இல் வெளியான ஆஸ்டிராய்டு ஆய்வில் நோயாளிகள் ரோசுவாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் வீதம் இரண்டு ஆண்டுகள் உட்கொண்டனர். எல்.டி.எல். 130-லிருந்து 61-ஆக இறங்கியது. தமனியில் படிவின் பங்கோ ஏறக்குறைய ஒரு சதவீதப் புள்ளியே குறைந்தது.

இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். எனினும் 1994-இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், 4,444 இருதய நோயாளிகளில் சிம்வாஸ்டாட்டின் பெற்றவர்களுக்குள் மரணம் 30 சதவீதம் குறைந்தது. மாரடைப்பு பெரும்பாலும் படிவின் பருமனால் அல்ல, அது வெடிப்பதினாலேயே வருகிறது. உள்ளே மிருதுவான கொழுப்பு, மேலே மெல்லிய மூடி. மூடி கிழிந்தால் இரத்தம் உறைந்து வழியை அடைக்கும். ஸ்டாட்டின் அக்கொழுப்பை வற்றச்செய்து, அழற்சியைத் தணித்து, மூடியைத் தடிப்பாக்குகிறது. சிலவிடத்தில் படிவு சுண்ணாம்பேறி இறுகுகிறது. ஆகையால் மாத்திரை உட்கொள்ளுகையில் ஸ்கேனில் கால்சியம் அளவு கூடினால் மருந்து பலிக்கவில்லை என்று முடிவுசெய்ய வேண்டாம்.

தசைவலி முதலிய தொந்தரவு சிலருக்கு வருவதுண்டு. அதை மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்து தருவார்.

மாத்திரை விழுங்குவது அவிசுவாசம் என்று யாரோ அச்சகோதரருக்குச் சொல்லியிருக்கிறார்கள். நம் சபையில் நான் அப்படிப் போதித்ததில்லை. செவ்வாயன்று அவரோடு நானும் மருத்துவரிடம் போனேன். அன்றிரவே மாத்திரையை மறுபடியும் தொடங்கினார். சாட்சியை அவரே தள்ளிவைத்துவிட்டார்.