முடக்கில் இருந்த பள்ளிக்கூடம்

போன சனிக்கிழமை காலமை ஓட்டாரா சந்தைக்கு மரவள்ளிக்கிழங்கு வாங்கப் போயிருந்தேன். ஒக்லாந்தில் இருக்கிற எங்கட ஆக்களுக்கு அந்தச் சந்தையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. தேங்காய், வாழைக்காய், கிழங்கு வகை எல்லாம் மலிவாக வாங்கலாம். அங்கேதான் எங்கட பழைய பக்கத்து வீட்டு அம்மாவைக் கண்டேன். சமோவா நாட்டுக்காரி. இப்ப எழுபது வயது தாண்டியிருக்கும். என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு முதலாவதாகக் கேட்டது என்ர மூத்தவனைப் பற்றித்தான்.

"பொறியியல் படித்து முடித்து வேலை செய்கிறான்" என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற தன்ர பேத்தியைத் திரும்பிப் பார்த்து, "கேட்டியா? இவர்ட மகன் எங்கட பள்ளிக்கூடத்துப் பிள்ளை" என்று பெருமையாகச் சொன்னா.

எனக்கு முகத்தில் அடித்தது மாதிரி இருந்தது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் அகதியாக இந்த நாட்டுக்கு வந்து 2001 இல் ஓட்டாராப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் குடியேறினோம். வெளிநாடுகளில் இருக்கிறவர்களுக்கு இடம் விளங்கச் சொல்கிறேன். தே இரிரங்கி டிரைவ் என்ற பெரிய வீதிக்குக் கிழக்கே பிளாட் புஷ். இப்ப அங்கே புது வீடுகள், பரி கேர்ட்டிஸ் பூங்கா, ஓர்மிஸ்ரன் கடைத்தொகுதி, புதுப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் இருக்கின்றன. வீதிக்கு மேற்கே ஓட்டாரா. அது அரசாங்கம் தொழிலாளர் குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்த இடம். மாவோரிகளும் பசிபிக் தீவுச் சனமும்தான் கூட. பிளாட் புஷ் என்ற பெயரைக் கொண்ட ஆரம்பப் பாடசாலை இருப்பதுகூட ஓட்டாராவில்தான். பெயர் ஒன்று, வாழ்க்கை இரண்டு.

எங்கட வீட்டு முடக்கில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. பெயர் வேண்டாம். மூத்தவனுக்கு அப்போது ஐந்து வயது. ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாது. எனக்கும் மனிசிக்கும் தெரிந்தது அதைவிடக் கொஞ்சம்தான் கூட. கந்தோரில் இருந்த பெண்மணி எங்கட கையில் இருந்த கடதாசிகளைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் பாவித்த, ஆனால் துவைத்து மடித்த இரண்டு சோடி சீருடை கொண்டுவந்து தந்தா. காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. மழை நாட்களில் அந்தச் சமோவா அம்மா தன்ர பிள்ளைகளோடு என்ர பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவா. மூன்று மாதத்தில் அவன் ஆங்கிலம் கதைக்கத் தொடங்கினான்.

2004 இல் அந்த அம்மா ஒரு நாள் வேலியடியில் நின்று கேட்டா: "பள்ளிக்கூட நிர்வாக சபைக்குத் தேர்தல் வருகிறது. உனக்குக் கணக்கு வழக்கு தெரியும்தானே, நில்லன்."

இந்த நாட்டில் 1989 இல் கொண்டுவந்த சீர்திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு அரசாங்கப் பள்ளிக்கூடத்தையும் நடத்துவது பெற்றோர் தெரிவு செய்கிற ஒரு சபை. அதிபரை நியமிப்பது, வரவு செலவைப் பார்ப்பது எல்லாம் அந்தச் சபையின் பொறுப்பு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். வசதியான இடங்களில் வழக்கறிஞரும் கணக்காளரும் போட்டி போட்டு நிற்பார்கள். இரவு வேலைக்குப் போகிற சனம் இருக்கிற இடத்தில் நிற்க ஆள் பிடிப்பதே பெரிய பாடு. சட்டம் எல்லாருக்கும் ஒன்று, ஆனால் நேரமும் படிப்பும் எல்லாரிடமும் ஒரே அளவில் இல்லையே.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? நேரமில்லை என்று சொன்னேன். அந்த நேரம் நான் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தின் ஒக்லாந்துக் கிளைக்குப் பொருளாளர்! ஒவ்வொரு ஞாயிறும் கூட்டம். ஊரில் ஆய்வுகூடத்துக்குக் கூரை போட வீடு வீடாகக் காசு சேர்த்தேன். என்ர பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்தின் ஒரு கூட்டத்துக்குக்கூடப் போகவில்லை.

அடுத்த வருடம் அதைவிட மோசமான வேலை பார்த்தேன். தமிழ் ஆக்கள் கூடுகிற இடமெல்லாம் அப்போது 'டெசில்' கதைதான். "உங்கட மகன் டெசில் ஒன்றிலயோ படிக்கிறான்?" என்று ஒருவர் ஒரு கலியாண வீட்டில் கேட்டார். அவர் கேட்ட தொனியில் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேறு பகுதியில் இருந்த நண்பர் ஒருவரின் விலாசத்தைக் கொடுத்து, அவனைத் தூரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்த்துவிட்டேன். அந்த அம்மாவிடம் சொல்லாமலே செய்தேன்.

இந்த டெசில் என்ன என்று பிறகுதான் வாசித்து அறிந்தேன். 1995 முதல் 2022 வரை இருந்த முறை அது. பிள்ளைகள் வாழ்கிற வீடுகளின் வருமானம், பெற்றோரின் தொழில், படிப்பு, வீட்டில் எத்தனை பேர் நெருங்கி இருக்கிறார்கள், அரச உதவிப் பணம் எடுக்கிறார்களா என்று குடிசனக் கணக்கில் இருந்து எடுத்துப் பள்ளிக்கூடங்களைப் பத்துப் பிரிவாகப் பிரித்தார்கள். ஏழ்மை கூடின இடத்துக்குக் கூடக் காசு கொடுக்கத்தான் அந்த இலக்கம். ஆசிரியர் நன்றாகப் படிப்பிக்கிறாரா என்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உதவி செய்ய ஒட்டின சீட்டை நாங்கள் தரம் சொல்கிற சீட்டாக வாசித்தோம். 2023 தை மாதத்தில் இருந்து அதற்குப் பதிலாக 344 இல் இருந்து 569 வரை போகிற சமத்துவச் சுட்டெண் வந்திருக்கிறது. எங்கட ஆக்கள் சிலர் இப்ப அதையும் அப்படித்தான் வாசிக்கிறார்கள்.

என்ர ஒரு பிள்ளை போனால் பள்ளிக்கூடத்துக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். இங்கே பிள்ளைகளின் தொகையைப் பார்த்துத்தான் ஆசிரியர் தொகையும் காசும் ஒதுக்குகிறார்கள். முப்பது குடும்பம் என்னை மாதிரி யோசித்தால் ஓர் ஆசிரியர் போகிறார். அதோடு நிவாரணம், விண்ணப்பம், முறைப்பாடு என்று எழுதத் தெரிந்த, கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோரும் போகிறார்கள். மிஞ்சுகிற பிள்ளைகளுக்காகக் கதைக்க ஆள் குறைகிறது. 2025 இல் அரசாங்கம் பள்ளிக்கூட மதியச் சாப்பாட்டுத் திட்டத்தைச் செலவு குறைத்து மாற்றினபோது, சாப்பாடு பிந்தி வருகிறது, சாப்பிட முடியவில்லை என்று நாடு முழுக்க முறைப்பாடு வந்தது. அந்தச் சாப்பாட்டை நம்பி இருந்தது ஓட்டாரா மாதிரி இடத்துப் பிள்ளைகள்தானே. அவர்களுக்காக எங்களில் எத்தனை பேர் ஒரு கடிதம் எழுதினோம்?

ஊரில் பள்ளிக்கூடத்தை நாங்கள் எப்படி வளர்த்தோம் என்று மேடைக்கு மேடை கதைக்கிறோம். பிடியரிசி சேர்த்தது, காணி கொடுத்தது, பனை மரம் கொடுத்தது எல்லாம் உண்மைதான். ஆனால் மற்றப் பக்கத்தையும் மறக்கக்கூடாது. 1929 இல் உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, யாழ்ப்பாணத்தில் அதை எதிர்த்துச் சில பள்ளிக்கூடங்களையே கொளுத்தினார்கள். என்ர பிள்ளைக்குப் பக்கத்தில் ஆர் இருக்கலாம், ஆர் இருக்கக்கூடாது என்ற நினைப்பு எங்களுக்குப் புதிசு இல்லை. கப்பல் ஏறி, பிளேன் ஏறி எங்களோடு அதுவும் வந்திருக்கிறது. ஊரில் சாதி என்றோம், இங்கே 'டெசில்' என்றோம். நான் கொடுத்த பொய் விலாசமும் அந்த வகைதான்.

சிலர் சொல்வார்கள்: "நாங்கள் பட்ட பாடு போதும், பிள்ளையாவது நல்ல இடத்தில் படிக்கட்டும்." அந்தத் தவிப்பு எனக்குத் தெரியாததா? போரில் இருந்து வந்த தகப்பனைப் பிள்ளையின் படிப்பில் விளையாடு என்று நான் சொல்லவில்லை. தன்ர பிள்ளைக்கு எது நல்லது என்று அவரவர் முடிவெடுக்கட்டும். ஆனால் கலியாண வீட்டுக் கதையைக் கேட்டு முடிவெடுக்காமல், அந்த வாசலுக்குப் போய், அதிபரோடு கதைத்து, வகுப்பை ஒருக்கால் பார்த்துவிட்டு எடுங்கள். நான் பார்க்கவே இல்லை. எங்கட பிள்ளைக்கு எழுத்தறிவித்த இடத்தைக் கேவலமாக நினைத்துவிட்டுப் போனேன்.

பிள்ளையை வேறு இடத்தில் விட்டாலும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குச் செய்யலாம். வாசிக்கப் பழகுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் இருக்கலாம். புதுசாக வந்த தமிழ்ப் பெற்றோருக்கு மொழிபெயர்க்கலாம். கணக்காளர்கள் எங்களுக்குள் நிறைய. சபையில் நிற்கப் பிள்ளை அங்கே படிக்க வேண்டும் என்றுகூட இல்லை, அங்கே படிக்கிற பிள்ளையின் பெற்றோர் ஒருவர் பெயரைப் பிரேரித்தால் நிற்கலாம். கடைசித் தேர்தல் 2025 புரட்டாதியில் நடந்தது. அடுத்தது 2028 இல். ஊருக்கு அனுப்புகிறதை நிறுத்தச் சொல்லவில்லை. ஊருக்குப் பத்து என்றால் முடக்குக்கு ஒன்றாவது.

சந்தையில் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். நாங்கள் அவனை மூன்று, நான்கு வருடத்தில் மாற்றிவிட்டோம், அவன் உங்கட பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றேன்.

"தெரியும்" என்றா. "முதல் எழுத்து எங்கே படித்தானோ அதுதான் அவன்ர பள்ளிக்கூடம்."

வருகிற கிழமை அந்தக் கந்தோருக்குப் போகப் போகிறேன். சீருடை தந்த பெண்மணி இப்ப இருக்க மாட்டா. ஆனாலும் கதவு அதே கதவுதான். உங்கட வீட்டு முடக்கில் இருக்கிற பள்ளிக்கூடத்தின் வாசலுக்கு நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள்?