குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு நேரம் வேண்டும்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் மகளிர் குழு இன்று ரேஷன் கடையைப் போல ஊரோடு கலந்துவிட்டது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள், ஒரு ஊக்குநர், பிரதிநிதிகள், தீர்மானப் புத்தகம், சந்தா, உள்கடன், வங்கிக் கடன். 'குழுவுக்குப் போயிட்டு வர்றேன்' என்று சொல்லிவிட்டு ஒரு பெண் வீட்டிலிருந்து கிளம்பலாம், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் பெரும்பாலான ஊர்களில் இது நடக்கக்கூடிய காரியமாக இருந்ததில்லை. ஆனால் போன இடத்தில் என்ன நடக்கிறது? பல ஊர்களில் தவணையை எண்ணி வாங்கி, கையெழுத்துப் போட்டு, அடுத்த கடன் யாருக்கு என்று முடிவானதும் எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். குழுக்களைப் பற்றி அரசு பேசும்போதும் எத்தனை கோடி ரூபாய் கடன் வழங்கப்பட்டது என்பதே முதல் வரி. குழு செய்கிற வேலைகளிலேயே அதிகப் பயன் தரக்கூடியது, பெண்கள் கூடி உட்கார்ந்து தங்கள் வாழ்க்கையைப் பற்றிப் பேசுவதுதான் என்று நான் நம்புகிறேன். அந்த நேரத்தைக் கடன் கணக்கு விழுங்கிவிட்டது. அதை மீட்க வேண்டும்.

இதை ஆசையால் சொல்லவில்லை, சான்றை வைத்தே சொல்கிறேன். நேபாளத்தின் மக்வான்பூர் மலை மாவட்டத்தில் 2001 முதல் 2003 வரை ஒரு முயற்சி நடந்தது. குலுக்கல் முறையில் தேர்ந்த பகுதிகளில் மட்டும், உள்ளூர்ப் பெண் ஒருவர் மாதம் ஒருமுறை பெண்களைக் கூட்டினார். அவர் நர்ஸ் அல்ல, மருந்துப் பெட்டியும் கொண்டுவரவில்லை. பிரசவத்திலும் பிறந்த சில நாட்களிலும் நம் ஊரில் ஏன் சாவு விழுகிறது என்று பேச வைத்தார், அவ்வளவுதான். பேசியவர்கள் தாங்களே வழி தேடினார்கள். அவசரத்துக்கு ஒரு பொது நிதி சேர்த்தார்கள், கர்ப்பிணியைத் தூக்கிச் செல்ல தூளி ஏற்பாடு செய்தார்கள், சுத்தமான பிரசவப் பொட்டலங்களை ஊருக்குள் கிடைக்கச் செய்தார்கள். கூட்டம் நடந்த பகுதிகளில், பிறந்து 28 நாட்களுக்குள் இறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 26. கூட்டம் நடக்காத பகுதிகளில் 37. 'லான்செட்' மருத்துவ இதழ் 2004-இல் இதை வெளியிட்டபோது, நம்புவதற்குப் பலர் தயங்கியிருப்பார்கள். பேச்சு எப்படிக் குழந்தையைக் காப்பாற்றும் என்ற கேள்வி இயல்பானதுதான்.

அந்தக் கேள்விக்கு அடுத்த பதில் நம் நாட்டிலிருந்தே வந்தது. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் மூன்று மாவட்டங்களில், பெரும்பாலும் பழங்குடி மக்கள் வாழும் ஊர்களில், 'ஏக்ஜுட்' என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் 2008 வரை இதே முறையைக் கையாண்டது. மொத்தம் 244 குழுக்கள். அவற்றில் பெரும்பகுதி புதிதாகத் தொடங்கியவை அல்ல, முன்பே அந்த ஊர்களில் கூடிக்கொண்டிருந்தவை. மாதம் ஒரு கூட்டம் என்று இருபது கூட்டங்கள். படம் வரைந்த அட்டைகளும் கதைகளும் விளையாட்டும் வைத்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் சமமாகப் பங்கெடுக்கும்படி அவை அமைந்திருந்தன. ஒரு குழந்தை இறந்த கதையைச் சொல்வார்கள், பிறகு 'ஏன்?' என்று கேட்டுக்கொண்டே போவார்கள். குழந்தைக்குக் குளிர் கண்டது. ஏன்? பிறந்ததும் துடைத்துத் துணி சுற்றவில்லை. ஏன்? பக்கத்தில் இருந்தவர்கள் தாயைக் கவனித்தார்கள், குழந்தையைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். ஏன்? அப்படித்தான் வழக்கம். இந்தப் போக்கில் நாலாவது ஏனுக்கோ ஐந்தாவது ஏனுக்கோ வரும்போது, விதி என்று விட்டிருந்த ஒன்று, நாம் மாற்றக்கூடிய ஒன்றாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. மூன்று ஆண்டுகளில் பச்சிளம் குழந்தைகளின் இறப்பு, ஒப்பிட்ட பகுதிகளைவிட 32 விழுக்காடு குறைந்திருந்தது. கடைசி இரண்டு ஆண்டுகளை மட்டும் எடுத்தால் 45 விழுக்காடு. மூன்றாம் ஆண்டில் தாய்மார்களின் மிதமான மனச்சோர்வும் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. அது கூட்டத்தில் பேசப்பட்ட பொருளே அல்ல. ஒரு பெண்ணின் கஷ்டத்தைக் கேட்க இருபது பேர் மாதந்தோறும் வந்து உட்கார்வது என்ன செய்யும் என்பதை இந்த ஓர் எண் சொல்கிறது.

இது தற்செயலான வெற்றி அல்ல என்பதைத் தோல்வியும் நிறுவியது. வங்கதேசத்தில் இதே முறை முதலில் கைகொடுக்கவில்லை. ஏறக்குறைய 1,400 பேருக்கு ஒரு குழு என்று மெல்லிசாகப் பரப்பியிருந்தார்கள். கர்ப்பிணிகளில் மிகச் சிலரே கூட்டத்துக்கு வந்தார்கள். பிறகு 300 பேருக்கு ஒரு குழு என்று அடர்த்தியாக்கியதும் இறப்பு கணிசமாகக் குறைந்தது. நான்கு நாடுகளில் நடந்த ஏழு ஆய்வுகளை 2013-இல் சேர்த்துப் பார்த்தபோது, கர்ப்பிணிகளில் மூன்றில் ஒரு பங்கினராவது கலந்துகொண்ட இடங்களில்தான் பலன் பெரிதாக இருந்தது. 2014-இல் உலக சுகாதார நிறுவனம் இம்முறையைப் பரிந்துரைத்தது. தெருவுக்குத் தெரு குழு வைத்திருக்கும் தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் நேராகப் பொருந்துகிறது. மற்றவர்கள் பாடுபட்டு உண்டாக்க வேண்டியிருந்த அடர்த்தி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

நம் பக்கத்து வரலாறும் இதையே சொல்கிறது. நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டாவில் 1990-களின் தொடக்கத்தில் பெண்கள் சாராயக் கடையை எதிர்த்து எழுந்தது எழுத்தறிவு வகுப்பிலிருந்து. பாடப் புத்தகத்தில் வந்த ஒரு பெண்ணின் கதையைப் படித்துவிட்டு, இது நம் கதைதானே என்று பேசத் தொடங்கியவர்கள் அவர்கள். 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. நாளுக்கு ஒரு ரூபாய் சேமிக்கும் 'பொதுப்பு லட்சுமி' இயக்கம் அதற்குப் பிறகுதான் நெல்லூரில் பரவியது. பேச்சு முதலில் வந்தது, போராட்டம் பின்னால் வந்தது, பணம் கடைசியில் வந்தது. நம் புதுக்கோட்டையிலும் 1991-இல் அறிவொளி இயக்கம் மூட்டிய ஆர்வம்தான் பெண்களைச் சைக்கிள் மேல் ஏற்றியது. லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதினார். குவாரிகளில் கூலிக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கே குவாரி குத்தகைக்கு வந்ததும் அந்தக் காலத்தில்தான். கூடிப் பேசிப் பழகிய பெண்கள் கையில் பணம் வந்தபோது அது வேறு மாதிரி வேலை செய்தது.

தமிழ்நாட்டின் சுய உதவிக் குழுத் திட்டம் 1989-இல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரியில் தொடங்கியது. 1992-இல் நபார்டு வங்கி 500 குழுக்களைக் கொண்டு வங்கி இணைப்பைச் சோதித்துப் பார்த்தது. 1997-98-இல் மகளிர் திட்டம் வந்தது. கடன் வளர வளர, கூட்டம் கடனுக்கான சடங்காகச் சுருங்கியது. இதைவிடக் கெடுதல் ஒன்று இடையில் நடந்தது. நுண்நிதி நிறுவனங்களும் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு என்று வாரத் தவணை வசூலிக்கத் தொடங்கின. ஊரில் அதற்கும் 'குழு' என்றுதான் பெயர். ஒரே சொல், நேரெதிரான இரண்டு உறவுகள். முன்னதில் பக்கத்து வீட்டுக்காரி துணை, பின்னதில் அவளே வசூல்காரி. கடன் வசூலில் கட்டாயத்தையும் மிரட்டலையும் தடுக்க 2025-இல் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டி வந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். கடன் மட்டுமே பெண்களின் நிலையை உயர்த்தும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் மெலிந்தது. இந்தியா (ஹைதராபாத்) உட்பட ஆறு நாடுகளில் நுண்கடனை முறையாகச் சோதித்த ஆய்வுகள் 2015-இல் ஒன்றாக வெளிவந்தன. பலன் இருக்கிறது, ஆனால் வாழ்க்கையைப் புரட்டிப் போடும் அளவுக்கு இல்லை என்பதே அவற்றின் பொதுவான முடிவு.

பணம் இல்லாவிட்டால் யார் கூட்டத்துக்கு வருவார்கள் என்று குழுக்களோடு வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கந்துவட்டியிலிருந்து பெண்களை மீட்டதில் குழுக் கடனுக்குள்ள பங்கை யாரும் மறுக்க முடியாது, நானும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. மாதத்தில் நடக்கிற கூட்டங்களில் ஒன்றைப் பணக் கணக்கிலிருந்து விடுவிக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். மக்வான்பூரில் கடன் எதுவும் இல்லாமலே பெண்கள் வந்தார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் பிரசவம் அனேகமாக எல்லாமே மருத்துவமனையில்தான் நடக்கிறது, ஜார்க்கண்டின் மருந்து நமக்கு எதற்கு என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வைப் புரட்டினால் பதில் கிடைக்கும். மருத்துவமனைப் பிரசவம் 99 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் இதே மாநிலத்தில், பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. பிரசவங்களில் 45 விழுக்காடு அறுவை சிகிச்சை. மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். கட்டடம் கட்டியும் மாத்திரை கொடுத்தும் தீர்க்கக்கூடியதை நாம் பெருமளவு தீர்த்துவிட்டோம். மிச்சமிருப்பவை வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் பிரச்சினைகள். இரும்புச்சத்து மாத்திரை ஏன் அலமாரியிலேயே கிடக்கிறது, வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்கள், அடி வாங்கிய பெண் யாரிடம் சொல்கிறாள் என்பதற்கெல்லாம் அலுவலகத்தில் பதில் இல்லை. ஐந்தாவது 'ஏன்'தான் அங்கே போய்ச் சேரும்.

விழிப்புணர்வுக் கூட்டங்கள் ஏற்கெனவே நடக்கின்றனவே என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். அங்கேதான் வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு வந்த மாதர் சங்கங்களுக்கும் கட்டடமும் தையல் எந்திரமும் கிடைத்தன. சத்துணவு சமைக்கவும் வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும் சொல்லித் தந்தார்கள். தெரிந்தவர் பேச, தெரியாதவர் கேட்கும் ஏற்பாடு அது. பல ஊர்களில் மாதர் சங்கம் என்ற பெயர் சுவரில் மட்டும் மிஞ்சியது. ஒலிபெருக்கி வைத்து நடத்தும் இன்றைய விழிப்புணர்வுக் கூட்டமும் பெரும்பாலும் அதே அச்சுதான். ஏக்ஜுட் குழுவில் பிரச்சினை எது என்று முடிவு செய்ததே பெண்கள். கூட்டத்தை நடத்தியவர் கேள்வி கேட்கப் பயின்றிருந்தார், பதில் சொல்ல அல்ல.

பெண்களின் முதுகில் இன்னொரு சுமையை ஏற்றுகிறீர்கள் என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்த ஆட்சேபம். வயல் வேலை, நூறு நாள் வேலை, சமையல், மாடு, பிள்ளைகளின் படிப்பு என்று விடிந்ததிலிருந்து ஓடுகிறவரிடம் இதற்கும் ஒரு மணி நேரம் கேட்பது எப்படித் தகும்? அரசு செய்ய வேண்டிய கணக்கெடுப்பு, கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பு என்று குழுக்களின் தலையில் கட்டும் கூலியில்லா வேலைகளும் இருக்கின்றன. எனவே பேச்சுக் கூட்டம் புதிய கூட்டமாக வரக்கூடாது, இருக்கிற கூட்டத்துக்குள்ளேயே இடம் பெற வேண்டும். பிற துறைகளின் வேலைகளைக் குழுக்களிடமிருந்து எடுத்துவிட வேண்டும். கூட்டத்தை நடத்தும் உள்ளூர்ப் பெண்ணுக்கு மாதச் சம்பளம் தர வேண்டும், மதிப்பூதியம் என்று சுருக்கக்கூடாது.

சாதியைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. குழுக்கள் தெருவாரியாக அமைந்திருக்கின்றன. ஊருக்கு ஒரு வட்டம், காலனிக்கு ஒரு வட்டம். உள்ளே எவ்வளவு மனம் திறந்து பேசினாலும் அந்தக் கோட்டைப் பேச்சு தானாகத் தாண்டிவிடாது. ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் மட்டுமே எல்லாத் தெருப் பெண்களும் ஒரே பாயில் உட்கார வாய்ப்பிருக்கிறது. அங்கே கூட்டம் எந்தத் தெருவில் நடக்கிறது, யார் வீட்டுத் தேநீரை யார் குடிக்கிறார்கள் என்பதெல்லாம் இன்னும் தீராத கேள்விகள். கூட்டம் எல்லாத் தெருக்களிலும் மாறி மாறி நடக்க வேண்டும் என்று விதி இருந்தால் ஒரு தொடக்கமாகவாவது இருக்கும்.

திட்டம் பிறந்த தர்மபுரியிலேயே இதைச் சோதிக்கலாம். சிறுவயதுத் திருமணம் இன்னும் கவலையாக நீடிக்கும் மாவட்டம் அது. சில ஒன்றியங்களில் இருபது மாதங்களுக்கு மாதம் ஒரு கூட்டத்தில் கணக்குப் புத்தகத்தைத் திறக்காமல் விட்டு, மற்ற ஒன்றியங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரத்தசோகையும் திருமண வயதும் அளக்கக்கூடியவை. எத்தனை கோடி கடன் என்ற பத்திக்குப் பக்கத்தில், எத்தனை கூட்டம் பேசுவதற்காகவே கூடியது என்று இன்னொரு பத்தியையும் மகளிர் திட்ட அறிக்கையில் சேர்க்க வேண்டும்.