விடுதலை ஆனால் பொய் வழக்கா?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு வாதம் முன்னால் வந்து நிற்கும்: "நிறைய வழக்குகளில் குற்றவாளிகள் விடுதலை ஆகிறார்கள். அப்படியென்றால் அவை பொய் வழக்குகள்தானே?"

தோழர்களே, இதில் முதல் வாக்கியம் தகவல். இரண்டாவது முடிவு. நடுவில் சொல்லாமல் விட்ட அனுமானம் ஒன்று இருக்கிறது: நடந்த குற்றம் எதுவானாலும் நீதிமன்றத்தில் நிரூபணமாகிவிடும் என்பது.

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. காரும் நிலமும் உள்ள பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்றது தீர்ப்பு. அதுவும் ஓர் அனுமானமே. அந்த விடுதலையால் 44 பேரின் சாவு பொய்யாகிவிடுமா?

வழக்கு தோற்கும் வழிகள் பல. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும் என்பது விதி. அதை மீறினால் எதிர்த்தரப்புக்கு அதுவே ஓட்டை. சாதிச் சான்றிதழ் கோப்பில் சேராமல் போகும். கூலிக்கு எதிர்த்தரப்பையே நம்பியிருக்கும் சாட்சி பிறழ்வார்.

2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே, சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லிக் கைதுக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2019 அக்டோபரில், மறுஆய்வில், நீதிமன்றம் அந்த உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. பொய்ப் புகார் வந்தால் அது மனிதரின் குறை, சாதியின் குணமல்ல என்றும் சொன்னது.

இதே அளவுகோல் நமக்கும் உண்டு. விடுதலைச் செய்தி வந்த மறுநிமிடமே "நீதிபதி சாதிவெறியர்" என்று எழுதுவதும் தாவல்தான். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் விடுதலை என்ற ஒரு தகவல் மட்டும் அதைச் சொல்லாது. தீர்ப்பின் நகலை வாங்கிப் படியுங்கள். முதல் தகவல் அறிக்கை எத்தனை நாள் தாமதம்? விசாரித்தவர் யார்? எந்தச் சாட்சி, எப்போது பிறழ்ந்தார்? பதில் காவல் நிலையத்தைக் காட்டினால் அங்கே போராடுவோம். தீர்ப்பையே காட்டினால் மேல்முறையீடு செய்வோம். இடம் தெரியாமல் வீசும் கல் யார் மேலும் படாது.