கோழிக்கு நாம் பட்ட கடன்

சென்ற மாதம் ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் அழைத்தாள். வளர்த்த 11 கோழிகளில் 9, நான்கே நாளில் வெள்ளைக்கழிச்சலில் மாண்டனவாம். "ஏம்ப்பா, வடக்கே போய் அதைத்தானே படிக்கிறே? ஒரு மருந்து இல்லையா?" என்று கேட்டாள். எனக்கு நா எழவில்லை.

அந்நோய்க்கு ஏட்டில் ராணிக்கேட் நோய் என்று பெயர். நம் நாட்டில் 1927இல் குமாவூன் மலையிலுள்ள ராணிக்கேட்டில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர் அது.

வைரசு புகுந்த உயிரணு, அண்டையிலுள்ள அணுக்களை எச்சரிக்கச் சுரக்கும் புரதமே இன்டர்பெரான். 1957இல் இலண்டனில் ஐசக்சும் லிண்டன்மனும் அதை எதில் கண்டார்கள், தெரியுமா? கோழிக் கருவின் சவ்வில்! பின்னர் 1970இல் டைலோரோன் என்னும் மருந்து வந்தது. அதை வாய்வழி கொடுத்ததும் சுண்டெலியின் உடலே இன்டர்பெரானைச் சுரந்தது. இத்தகைய தூண்டுமருந்தால் கோழியையும் காக்கலாமே என்னும் ஆசை எனக்கும் எழுந்தது.

ஆனால், தூண்டுமருந்தை நோய்க்கு முன்போ, அதன் தொடக்கத்திலோ கொடுத்தால்தான் பயன். கோழி கழுத்தை முறுக்கிக்கொண்டு வெள்ளையாய்க் கழியும்போது காலம் கடந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, இவ்வைரசின் 'வி' புரதம் இன்டர்பெரானின் எச்சரிக்கையையே அமுக்கிவிடுகிறது. ஆகவே வருமுன் காப்பதே வழி. அதற்கான தடுப்பு மருந்து 1940களிலேயே முக்தேசுவரத்தில் உருவாயிற்று. வெப்பம் தாங்கும் வகைகளும் பின்னர் வந்தன.

பின் அம்மாவின் கோழிகள் ஏன் மாண்டன? ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு மருந்து இருக்கிறது. கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். 11 கோழி வைத்திருப்பவள் அதைத் தனியே வாங்குவாளா?

தூண்டுமருந்து ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வைரசின் சூழ்ச்சியை அறிய அது வேண்டும். ஆனால் கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் இருக்க, இன்னொரு கனியைத் தேடுவது மட்டுமே அறிவாகுமா? மருந்தைச் சிறு குப்பியில் அடைப்பதும், தெருவையே திரட்டி ஒரே நாளில் போடுவதும் ஆராயத்தக்கவையே.

விடுமுறையில் ஊர் செல்லும் நண்பர்களே! கால்நடை மருந்தகத்தாரைக் கண்டு, தெருவார் அனைவரும் கூடும் நாளொன்றைக் குறியுங்கள். நானும் குறித்திருக்கிறேன். இன்டர்பெரானை உலகுக்குக் காட்டியது கோழிமுட்டை. அந்தக் கடனை அம்மாவின் கூடையிலிருந்தே தீர்க்கத் தொடங்குவோம்.