கேட்கக் கேட்கத்தான் காது

"பாட்டு எண்டா கேட்ட உடன காதுக்குள்ள இறங்கவேணும். இறங்கேல்லையெண்டா அது பாட்டில்லை."

யாழ்ப்பாணத் தீவகத்துச் சுருவிலில் இந்த வசனத்தைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். கோயில் வீதியில், கலியாண வீட்டுப் பந்தலில், ஊர்காவற்றுறை பஸ்ஸுக்குள் கேட்டிருக்கிறேன். சண்டையால் தீவகம் வெறிச்சோடிய 1990களுக்குப் பிறகு ரொறன்ரோவிலும் பாரிஸிலும் போய்க் குடியேறிய எங்கள் சனமும் இதையே சொல்கிறது. பெடியள் கேட்பது இரைச்சல் என்று பெரியவர்களும், பெரியவர்கள் கேட்பது அழுகை என்று பெடியளும் சொல்கிறார்கள். எதிரெதிரே நின்றாலும் இரண்டு பேருடைய நம்பிக்கையும் ஒன்றுதான்: ரசனை கூடப்பிறந்தது, அதற்குப் பழக்கமும் தேவையில்லை, படிப்பும் தேவையில்லை. சொல்பவர்கள் எல்லாரும் நான் மதிக்கிற மனிதர்கள். ஆனால் இந்த நம்பிக்கை பிழையானது. பதினைந்து வயதில் கேட்ட நாலு பாட்டோடு ஒருவரை ஆயுள் முழுக்கக் கட்டிப்போட்டுவிடுகிறது. அதைத் தாங்கி நிற்கிற கால்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறேன்.

"இசைக்கு மொழியில்லை, அது எல்லாருக்கும் விளங்கும்" என்பது முதல் கால்.

எங்கள் ஐயனார் கோயில் திருவிழாவில் மேளம் தொடங்கினால் காற்றுக்கு வீடு வரை கேட்கும். அம்மா குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருப்பா. திடீரென்று திருவலையை ஒதுக்கிவைத்துவிட்டு, "சாமி வெளிக்கிட்டுது, கெதியா முகத்தைக் கழுவுங்கோ" என்பா. கோயிலிலிருந்து யாரும் வந்து சொன்னதில்லை. நாதஸ்வரக்காரர் மல்லாரி எடுத்துவிட்டார், அவ்வளவுதான். மல்லாரிக்குச் சொல் கிடையாது. பெரும்பாலும் கம்பீர நாட்டையில், தவிலோடு சேர்ந்து, சுவாமி புறப்படும்போது வாசிக்கிற உருப்படி அது. தளிகைக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒரு மல்லாரி, தேருக்கு ஒரு மல்லாரி என்று இருக்கிறது. அம்மாவுக்கு ராகத்தின் பெயர் தெரியாது. ஆனால் அந்த ஒலியில் அவவுக்குச் செய்தி கேட்டது. அதே ஒலி வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவருக்கு வேகமான குழலோசை மட்டும்தான். அவருடைய காதில் குறை எதுவும் இல்லை. அம்மா நாற்பது திருவிழாக் கேட்டவ, அவர் கேட்கவில்லை.

இனிமை என்று நாம் நினைப்பதே பழக்கத்தால் வருவதுதானா என்று ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். பொலிவியாவின் அமேசன் காட்டோரம் வாழும் சிமானே மக்களிடம் செய்த ஓர் ஆய்வு 2016இல் 'நேச்சர்' இதழில் வந்தது. மேற்கத்திய இசை இனிமையானவை என்று கொள்ளும் சுரச்சேர்க்கைகளையும், ஒன்றோடொன்று உராய்பவை என்று தள்ளும் சேர்க்கைகளையும் அவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இரண்டுமே ஒரேயளவு இனிமை என்றார்கள் அந்த மக்கள். காட்டுக்கு வெளியிலும் இதுதான் கதை. 1913 மே மாதம் பாரிஸில் ஸ்த்ராவின்ஸ்கி இசையமைத்த 'வசந்தத்தின் சடங்கு' பாலே நடனம் முதல்முறை மேடையேறியபோது சபை குழம்பிக் கூச்சலிட்டது. அடுத்த வருடம் அதே நகரத்தில் அதே இசையைக் கச்சேரியாகக் கேட்டவர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். இசையில் ஒரு சுரமும் மாறவில்லை.

"கூத்துப் பாட்டு வெறும் கத்தல்" என்கிறார்கள் அடுத்ததாக. இதைப் படித்தவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். எனக்கு அதிகம் வலிப்பதும் இதுதான்.

கூத்து எங்கே பிறந்தது என்று பாருங்கள். திறந்த வெளி, மூன்று பக்கமும் சனம், ஒரு பக்கம் கடற்காற்று. மைக் இல்லாத காலம். இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை ஆடவேண்டும். கடைசி வரிசையில் சாக்கு விரித்துப் படுத்திருக்கிற கிழவிக்கும் சொல் விளங்கவேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் கீழ்ச்சுருதியில் குழைந்து பாடினால் முதல் பத்து அடிக்குள் காற்று அதைத் தின்றுவிடும். அதனால்தான் கூத்துக்காரர் உச்சத்தில் எடுக்கிறார், சொல்லை வெட்டி எறிகிறார், அடியின் முடிவை நீட்டுகிறார். நீட்டுகிற அந்த இடத்தில் பிற்பாட்டுக்காரர் வாங்கிக்கொள்ள, அவர் மூச்செடுத்து ஆட்டத்துக்குப் போகிறார். மத்தளக்காரர், கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அரசன் வருவதற்கு ஒரு வரவுத் தரு, மந்திரிக்கு வேறொன்று. துக்கம் வந்தால் விருத்தம், அங்கே தாளம் நின்று குரல் தனியே போகும். இந்த ஒழுங்கைத் தெரிந்துகொண்டு கேட்டால் முன்பு கத்தலாகக் கேட்ட இடத்தில் கட்டுக்கோப்பு கேட்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அடைத்த மண்டபத்துக்குள், வாய்க்கு முன்னால் மைக்கைக் கட்டிவிட்டு, நாலு மூலையிலும் ஒலிபெருக்கி வைத்துக் கூத்துப் போட்டால் காது நோகும். எனக்கும் நொந்திருக்கிறது. வெளிக்கென்று வளர்ந்த குரலைப் பெட்டிக்குள் அடைத்ததால் வந்த நோவு அது. பாட்டின் மேல் அந்தப் பழியைப் போடக்கூடாது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து 'கர்ணன் போர்', 'இராவணேசன்' போன்ற கூத்துகளை மேடையேற்றியபோது, அதுவரை கூத்தைத் திரும்பிப் பார்க்காத பட்டினத்தவர்கள் கதிரையில் இருந்து பார்த்தார்கள். யாழ்ப்பாணப் பக்கம் கத்தோலிக்கக் கரையோரக் கிராமங்கள் 'எஸ்தாக்கியார்' போன்ற கூத்துகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தன. 1965இல் நீ. மரியசேவியர் அடிகளார் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் அந்தக் கூத்துகளுக்கு நகரத்திலும் மேடை கொடுத்தது. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திரனாக மயானத்தில் நின்று பாடினால் சனம் விம்மி அழும் என்று பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். தபசுகாலத்தில் எங்கள் தீவகத்துத் தேவாலயங்களில், கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் வியாகுல பிரசங்கத்தை இராகமிழுத்து வாசிப்பதைக் கேட்டால் சைவப் பிள்ளையான எனக்கும் நெஞ்சு அடைத்துவிடும். கோவாவில் பிறந்து இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் (1676–1742) எழுதியது அது. முதல்முறை கேட்டபோது ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாம் வருடம்தான் அந்த இழுவை ஒப்பாரியின் இழுவை என்று பிடிபட்டது. எங்கள் வீட்டுச் சாவில் அழுத அதே குரல், வேறொரு தாய்க்காக அழுகிறது.

"சரி, விளங்கவேண்டுமென்றால் சங்கீதம் படித்துச் சோதனை பாஸ் பண்ணவேண்டும், அது எங்களால் ஆகுமா?" இப்படிப் பின்வாங்குகிறவர்களும் உண்டு. 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். அந்தப் பரீட்சைகளை நான் குறைத்துப் பேசமாட்டேன். சண்டைக் காலத்திலும் பிள்ளைகள் சுரம் படித்தது அவற்றால்தான். ஆனால் பாடத் தெரிவது ஒன்று, கேட்கத் தெரிவது இன்னொன்று. எழுபத்திரண்டு மேளகர்த்தாவையும் ஒப்புவிக்கிற பிள்ளை, கோயிலில் மோகனம் வாசிக்கும்போது அடையாளம் தெரியாமல் நிற்பதைக் கண்டிருக்கிறேன். எழுத்தறியாத தோட்டக்காரர் தவில் தனியில் தொடையில் தாளம் பிசகாமல் போட்டு, தீர்மானம் விழுகிற அடிக்குத் தலையாட்டுவதையும் கண்டிருக்கிறேன். தவில் மேதை வி. தட்சிணாமூர்த்தி (1933–1975) நாற்பத்தொரு வயதில் போய்விட்டார். அவர் வாசித்த மேளச்சமாக்களில் விடியவிடிய மண்ணில் குந்தியிருந்த சனத்தில் எத்தனை பேர் எந்தத் தரத்தில் சித்தியடைந்தவர்கள்? எட்டுக் கூட்டம், பத்துக் கூட்டம் மேளம் கேட்டுக் கேட்டு அவர்கள் தேறினார்கள்.

இனிச் சொல்லப்போவது எழுதக் கூச்சமானது, ஆனால் எழுதியாகவேண்டும். "பறை காதுக்கு ஒத்துவராது" என்று எங்கள் ஊர்களில் சொல்லும்போது பேசுவது காது இல்லை, சாதி. தவிலும் தோல்தான், மிருதங்கமும் தோல்தான், பறையும் தோல்தான். சாவீட்டில் வெயிலில் நின்று அடித்தவர்களைப் படலைக்கு வெளியே நிறுத்தி வைத்துவிட்டு, அவர்கள் எழுப்பிய ஒலியையும் படலைக்கு வெளியே நிறுத்தினோம். அதற்கு ரசனை என்று பெயர் வைத்துக்கொண்டோம். இன்றைக்குப் பறையைக் கொண்டாடுவோம் என்று கிளம்புவதும் அவ்வளவு லேசான காரியமில்லை. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் 1968இல் ஆலயப்பிரவேசப் போராட்டம் நடந்த அந்தக் காலத்தில், இனி இந்தத் தொழிலைச் செய்யமாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தவர்களும் இருந்தார்கள். பறையைக் கேட்கப் பழகுகிறவர் அவர்கள் ஏன் அடிக்க மறுத்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

"கலப்பு வந்தால் தரம் போகும்" என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. கர்நாடகக் கச்சேரியில் பாடகருக்குப் பக்கத்தில் இருக்கும் வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் எங்களுடையதானது. ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இலிருந்து 1971 வரை தள்ளிவைத்தது. கமகம் அதில் பேசாது என்ற காரணம் உண்மைதான். ஆனால் அதே ஆர்மோனியம் இல்லாமல் எங்கள் இசைநாடக மேடையில் நடிகர்களுக்குச் சுருதி நின்றிராது. 1952இல் இந்திய வானொலி திரைப்பாடலை ஒதுக்கியபோது இந்தியா முழுவதும் இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பியது. போர்த்துக்கேயரோடு கரையேறிய தாளத்தில் பைலா பிறந்தது. அந்தத் துள்ளல் நடையில் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் வந்தபோது தரங்கெட்டது என்று முகம் சுளித்தார்கள். இன்றைக்கு அந்தப் பாட்டுகள் இல்லாமல் எங்கள் கலியாண வீடு முடிவதில்லை.

"வயது போனபிறகு காது திரும்பாது" என்று சொல்கிறவர்களுக்கு எங்கள் தீவிலேயே பதில் இருக்கிறது. கரம்பொனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளார் இளமையில் ஆங்கிலத்தில் படித்து, ரோமாபுரியில் குருவாகி, 1940இல் வடக்கன்குளம் பள்ளிக்கு ஆசிரியராகப் போனபிறகுதான் தமிழ் இலக்கியத்தை ஒரு பண்டிதரிடம் முறையாகப் படிக்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. பிறகு சங்கப் பாட்டை உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். தீவுக்கு வெளியே விபுலானந்தரைப் பாருங்கள், விஞ்ஞானம் கற்பித்தவர். யாருமே கேட்டறியாத யாழின் சுரங்களைக் கணக்குப் போட்டுத் தேடி, 1947இல் 'யாழ் நூல்' அரங்கேறிய அடுத்த மாதமே மறைந்தார். கடைசிவரை அவருடைய காது படித்துக்கொண்டுதான் இருந்தது.

என்னுடைய காதைப் பற்றியும் சொல்கிறேன். பாரிஸிலிருந்து வந்த என் தங்கையின் மகனைத் திருவிழாவுக்குக் கூட்டிப்போனேன். பதினாறு வயது. மேளம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், "மாமா, இதில எது தொடக்கம்? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்றான். தவிலை விடு, தாளக்காரரின் கையைப் பார் என்றேன். அவனுடைய கையைத் தொடையில் வைத்து ஆதி தாளம் காட்டினேன்: ஒரு தட்டு, சின்னவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. அரைமணி நேரம் பிசகிப் பிசகிப் போட்டான். தவில்காரர் இடக்கையில் பூவரசங்கம்பும் வலக்கை விரல்களில் கூடுமாகத் தாளத்தைக் கிழித்துக்கொண்டு போனபோதும் அவன் கை நிற்கவில்லை. வீட்டுக்குப் போவோமா என்று கேட்டபோது, "பொறுங்கோ மாமா, இன்னும் அந்த ஒண்டுக்கு வரேல்லை" என்றான்.

மறுநாள் யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் அவன் காதிலிருந்த இயர்போனில் ஒன்றைக் கழற்றி என்னிடம் தந்தான். பிரெஞ்சு ராப். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஒருவர் கோபமாகக் கணக்குச் சொல்வதுபோலக் கிடந்தது. கழற்றித் திருப்பிக் கொடுக்கப் போனேன். "சொல்லைக் கேளாதேங்கோ மாமா. கீழ இடிக்கிற சத்தத்தை மட்டும் பிடியுங்கோ. அவர் அதுக்கு மேல விழமாட்டார், கொஞ்சம் பிந்தித்தான் விழுவார்" என்றான். அல்லைப்பிட்டி தாண்டிப் பண்ணைப் பாலத்தில் ஏறும்வரை நான் அந்த இடியை மட்டும் விரலால் எண்ணிக்கொண்டு வந்தேன். இரண்டு பக்கமும் கடல் வந்த இடத்தில், அந்தக் குரல் இடிக்கு முன்னால் பதுங்கி, பிந்தி விழுந்து, சரியாக வந்து சேர்ந்தது கேட்டது. கூத்தில் பிற்பாட்டு வாங்குகிற இடம் என் நினைவுக்கு வந்தது. "இன்னொருக்காப் போடு ராசா" என்றேன்.