பூனை பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது: புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

கோட்டைப்பட்டினத்திலிருந்து உங்கள் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை கடலைப் பற்றியவை. கைதான மீனவர்கள், பிடிபட்ட விசைப்படகுகள், டீசல் மானியம், தடைக்கால நிவாரணம் என்று அந்தப் பட்டியல் நீளும். 2021 அக்டோபரில் இலங்கைக் கடற்படைக் கப்பல் மோதிப் படகு மூழ்கியதில் எங்கள் ஊர் இளைஞர் ஒருவரின் உயிரே போனது. இத்தனை துயரங்களுக்கு நடுவே காணாமல் போகும் வீட்டுப் பூனைகளுக்காக ஒரு மடலா என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். பெரிய துயரங்களுக்குத் தீர்வு டெல்லியிலும் கொழும்பிலும் இருக்கிறது. இந்தச் சின்னத் துயரத்துக்கான தீர்வு உங்கள் ஒரு சுற்றறிக்கையிலும், எங்கள் தெருக்காரர்கள் திறந்துவிடும் நாலு கதவுகளிலும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பூனைக்குப் பஞ்சமில்லை. மீன் ஏலம் நடக்கும் இடத்திலும் கருவாடு காயும் இடத்திலும் பிறந்து வளரும் பூனைகள் வேறு. அவற்றுக்கு ஊரே வீடு. நான் சொல்வது வாசற்படி தாண்டாமல் வளர்ந்த பூனைகளை. வீட்டு ஆண்கள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உழைக்கிற வீடுகள் இங்கே நிறைய. அப்படியொரு வீட்டில் மருமகளும் மாமியாரும் பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளையுமாக இருப்பார்கள். கூடவே ஒரு பூனை இருக்கும். துபாயிலிருந்து அத்தா வீடியோவில் அழைத்தால், பிள்ளை முதலில் பூனையைத்தான் தூக்கிக் காட்டும். அந்தப் பூனை ஒருநாள் வெளியே போய்விட்டால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. யாரும் சரியாகச் சாப்பிட மாட்டார்கள்.

இவை தானாக ஊர் சுற்றக் கிளம்புவதில்லை. நிக்காஹ் வீட்டுப் பந்தல் போட ஆட்கள் வந்துபோகும்போது கதவு திறந்தே கிடக்கும். வெளிநாடு போகிறவரின் பெட்டிகளைக் காரில் ஏற்றும் பரபரப்பில் யாரும் கீழே பார்ப்பதில்லை. மின்சாரம் போன இரவில் காற்றுக்காகக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்போம். ஐப்பசி, கார்த்திகை இடியில் மிரண்டு ஜன்னல் வழியே பாய்ந்த பூனையும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் ஓடுகளைப் பிய்த்துக்கொண்டு போனபோது வீட்டுக்கும் வெளிக்கும் வித்தியாசமே இல்லாமல் போனது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் அரசின் நிவாரணப் பட்டியலில் இடம் இருந்தது, அது நியாயம்தான். பூனைக்கு நிவாரணம் வேண்டாம். அதைத் தேட ஒரு வழி இருந்திருக்கலாம்.

தேடுவதில்தான் நாங்கள் எல்லோரும் தவறான திசையில் போகிறோம். பூனை வெளியேறியதும் பையன்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும், மீன்பிடி இறங்குதளத்துக்கும், ஜெகதாப்பட்டினம் பக்கத்துக்கும் பறக்கிறார்கள். பூனையோ பெரும்பாலும் புறப்பட்ட வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பூனையைத் தொலைத்த 1,210 பேரிடம் கேட்டுத் தொகுத்த ஆய்வு 2018-இல் 'அனிமல்ஸ்' என்ற ஆய்விதழில் வெளிவந்தது. கண்டெடுக்கப்பட்ட பூனைகளில் முக்கால்வாசி, தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான் கிடைத்திருக்கின்றன. வெளியே விட்டுப் பழக்கிய பூனைகள் சற்றுத் தூரம் போகின்றன. வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவை அதைவிடப் பக்கத்திலேயே நின்றுவிடுகின்றன. உயிரோடு திரும்பியவற்றில் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே கிடைத்தவை. 90 நாள் கடந்தபின் உயிரோடு கிடைத்தவை மிகச் சில. இறங்கித் தேடியவர்களுக்கே பூனை உயிரோடு கிடைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்ததாகவும் அந்த ஆய்வு சொல்கிறது.

"பூனைதானே, தானாக வந்துவிடும்" என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தைரியம் சொல்வார்கள். தெருவில் வளர்ந்த பூனைக்கு அது பொருந்தும். வீட்டுப் பூனைக்கு வாசலுக்கு வெளியே இருப்பது அறியாத உலகம். வேறு பூனைகளின் எல்லை, நாய்களின் வாசனை, லாரிச் சத்தம். கண்ணில் பட்ட முதல் இடுக்கில் புகுந்து சுருண்டுவிடும். மாடிப்படிக்கு அடியில், மோட்டார் அறையில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, மடித்து வைத்த வலைக் குவியலுக்குள், கரையில் கவிழ்த்துப் போட்ட பைபர் படகின் அடியில், சீமைக்கருவேலப் புதரில் என்று எங்கே வேண்டுமானாலும் இருக்கும். அங்கிருந்து சத்தமே வராது. வளர்த்தவள் பத்தடி தூரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் தராது. குரல் கொடுத்தால் இருக்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பதே அந்த நேரத்தில் அதற்குத் தெரிந்த பாதுகாப்பு. கூப்பிட்டும் வரவில்லை, ஆகவே இங்கே இல்லை என்று முடிவுகட்டி வீட்டார் தூரத்துக்குப் போய்விடுகிறார்கள். பூனை அங்கேயே தாகத்தில் கிடக்கிறது. நாட்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும் பூனைக்கு, அதிலும் கொழுத்த பூனைக்கு, கல்லீரல் கெட்டுவிடும் என்பதைக் கால்நடை மருத்துவர்கள் உங்களுக்குச் சொல்வார்கள்.

இங்கேதான் எங்கள் ஊருக்கே உரிய சிக்கல் வருகிறது. ஒரு தெருவில் வரிசையாகப் பூட்டிக் கிடக்கும் வீடுகள். உரிமையாளர் குடும்பத்தோடு வெளிநாட்டிலோ சென்னையிலோ இருப்பார். சாவி யாரோ ஒரு சொந்தக்காரரிடம் இருக்கும். அந்த வீட்டின் கார் நிறுத்துமிடமும் கொல்லைப்புறமும் மாடித் தளமும் மிரண்ட பூனைக்கு அமைதியான புகலிடம். மனிதர் நடமாட்டமே இல்லாத இடத்தைத்தானே அது தேடுகிறது. பூனையைத் தொலைத்த பெண்ணுக்கோ பூட்டிய வீட்டுச் சுவரை எட்டிப் பார்க்கவும் கூச்சம். திருட்டுப் பழி வந்துவிடுமோ என்ற அச்சமும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு பூனை இப்படித்தான் அடுத்த வீட்டுப் பரணில் அடைபட்டுக் கிடந்தது. அந்த வீட்டைப் பெருக்க மாதம் ஒருமுறை வரும் அம்மாள் தற்செயலாக முன்னதாகவே வந்ததால் பிழைத்தது. அவர் வழக்கமான நாளில் வந்திருந்தால் எலும்பைத்தான் எடுத்திருப்பார்.

மீன் வைத்துக் கூப்பிடுவதும் எங்கள் ஊரில் அவ்வளவாகப் பலிக்காது. ஊரே மீன் மணக்கும் இடத்தில் வாசலில் நாலு காரலை வறுத்து வைத்தால் முதலில் காக்கை வரும், அடுத்து நாய் வரும், பிறகு தெருவை ஆளும் கடுவன் வரும். நம் பூனை இன்னும் ஆழமாக ஒடுங்கிவிடும். அதற்குத் தனியாக அடையாளம் தெரிவது தன் வீட்டாரின் வாசனையும் தன் வீட்டுச் சத்தமும்தான். உடுத்திய துணி, அது படுத்த விரிப்பு, தினமும் சாப்பாட்டு நேரத்தில் தட்டுகிற அதே டப்பா. இரைச்சல் அடங்கிய நேரத்தில் அந்த டப்பாவை மெதுவாகத் தட்டிவிட்டு, அசையாமல் காத்திருக்க வேண்டும்.

அந்த நேரம், அதிகாலைத் தொழுகைக்கான சுபுஹு பாங்குக்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரம். விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போகும். அவை கரை திரும்பும் விடியற்காலையில் ஊரே விழித்து, ஐஸ் ஏற்றிய லாரிகள் உறுமிக்கொண்டிருக்கும். மற்ற நாட்களில் அந்த நேரம் அமைதியாக இருக்கும், பயந்த பூனை தண்ணீருக்காவது வெளியே வரும். டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்து, தரையோடு தரையாகக் குனிந்து இடுக்குகளில் அடித்தால் கண்கள் மின்னும். பூனையின் விழிக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. பகலில் பத்துப் பேர் பார்த்துக் காணாததை இரவில் ஒரு டார்ச் காட்டிக்கொடுக்கும். ஆனால் கடலோர ஊரில், அதிகாலை மூன்று மணிக்கு டார்ச்சோடு இரண்டு பெண்கள் சந்துக்குள் நின்றால் என்ன ஆகும்? ரோந்து வரும் போலீஸ்காரர் கேட்பார். கேட்க வேண்டியது அவர் கடமை. காவல் நிலையத்தில் முன்கூட்டியே ஒரு சொல் சொல்லி வைக்க வழி இருந்தால் அந்தப் பெண்கள் தைரியமாகத் தேடுவார்கள்.

கடலும் பூனையும் சேர்ந்த ஒரு கதையை இங்கே சொல்ல விரும்புகிறேன். 2015-இல் இராக்கின் மோசுல் நகரிலிருந்து உயிருக்குத் தப்பி ஓடிய ஒரு தாயும் ஐந்து பிள்ளைகளும், தங்கள் வெள்ளைப் பூனை குங்குஷைக் கூடையில் சுமந்துகொண்டு ரப்பர் படகில் கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவில் வந்து இறங்கினார்கள். இறங்கிய குழப்பத்தில் பூனை கூடையை விட்டு ஓடிவிட்டது. மணிக்கணக்கில் தேடிப் பார்த்துவிட்டு, அகதிகளுக்குக் காத்திருக்க ஏது நேரம், அழுதுகொண்டே கிளம்பினார்கள். சில நாள் கழித்து, அவர்கள் இறங்கிய அதே கரையோரக் கிராமத்தில் அழுக்கேறி, உள்ளூர்ப் பூனைகளிடம் அடிவாங்கிக்கொண்டிருந்த குங்குஷைத் தன்னார்வலர்கள் எடுத்துக் குளிப்பாட்டி, மருத்துவரிடம் காட்டி, படத்தை உலகம் முழுக்க அனுப்பினார்கள். 2016 பிப்ரவரியில் நார்வேயில் அது தன் குடும்பத்தின் மடியில் போய்ச் சேர்ந்தது. படகில் வரும் மனிதர்களுக்கே கதவுகள் மூடிக்கொண்டிருந்த காலம் அது. மனிதருக்கு உதவ வந்தவர்கள்தான் பூனைக்கும் உதவினார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒன்றுக்காக இன்னொன்றை அவர்கள் விட்டுவிடவில்லை. அந்தப் பூனை தொலைந்த கிராமத்தை விட்டு எங்கும் போகவில்லை என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பூனைக்கு உதவ எங்கள் ஊர் மனத்தடை காட்டும் ஊர் அல்ல. ராவுத்தர் அப்பா தர்காவுக்கு வருகிறவர்கள் எல்லா மதத்தவரும்தான். பூனைக்குட்டியோடு கொண்ட பிரியத்தாலேயே அபூஹுரைரா என்று பெயர் பெற்ற நபித்தோழரைப் பற்றி மதரஸாவில் படித்த பிள்ளைகள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. பூனையை அடைத்துப் போட்டுப் பட்டினியால் சாகவிட்டதாக நபிமொழியில் வரும் பெண்ணின் கதியையும் அவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஜமாஅத்தார் கேட்டுக்கொண்டால் சாவி வைத்திருப்பவர் மறுக்கமாட்டார். அவர்களுக்கு ஒரு தூண்டுதல் வேண்டும். அது அரசு முத்திரையோடு வந்தால் பலம் கூடும்.

ஊராட்சிகளுக்கு நீங்கள் அனுப்பும் ஒரு சுற்றறிக்கை போதும். வீட்டுப் பிராணி காணவில்லை என்று யாராவது சொன்னால், ஊராட்சி அலுவலகம் அந்தத் தெருவின் எல்லா வீடுகளுக்கும் அன்றே தகவல் தரட்டும். பூட்டிய வீடுகளின் சாவி வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டு, கொல்லையும் மாடியும் பரணும் திறந்து பார்க்கச் சொல்லட்டும். ஒலிபெருக்கியில் அறிவித்தால், கூட்டம் சேர்ந்து துரத்த வேண்டாம், கண்டால் சொல்லுங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துரத்தினால் பூனை கிழக்குக் கடற்கரைச் சாலைக்குத்தான் ஓடும். அங்கே மீன் லாரிகளின் வேகம் உங்களுக்குத் தெரியாததல்ல.

தெருவை முதலில் பார்ப்பவர்கள் தூய்மைக் காவலர்கள். எந்தப் புதரில் எந்தப் பூனை புதிதாக வந்து ஒண்டியிருக்கிறது என்று அவர்களைப் போல் வேறு யாருக்கும் தெரியாது. சாலையில் அடிபட்டதை எடுத்துப் புதைப்பவர்களும் அவர்களே. புதைக்கும் முன் ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உயிரோடு இல்லை என்ற செய்திகூட, தெரியாமல் வருடக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட மேல். இந்த வேலைக்கு அவர்களுக்கு ஒரு சிறு தொகை தனியாகத் தர வேண்டும், இலவசமாக வாங்கக் கூடாது.

ஒவ்வொரு மாவட்டத்திலும் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் இயங்க வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்தச் சங்கத்தின் வழியாக அரசு கால்நடை மருந்தகங்களுக்கு இரண்டு பிடிகூண்டுகளும் மைக்ரோசிப் படிக்கும் ஒரு கருவியும் தர முடியுமா என்று பாருங்கள். கூண்டை மக்கள் இரவல் வாங்கித் திருப்பித் தருவார்கள். அரிசி மணி அளவுள்ள அந்தச் சிப், பூனை எங்கே இருக்கிறது என்று காட்டாது. பலர் அப்படித் தவறாக நம்புகிறார்கள். யாராவது பூனையைப் பிடித்து வந்து கருவியைக் காட்டினால் 15 இலக்க எண் தெரியும், அந்த எண்ணைப் பதிவு செய்தவர் யார் என்பது தெரியும். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் வளர்ப்புப் பூனைகளுக்கு இது கட்டாயம். நமக்குக் கட்டாயம் வேண்டாம். விரும்புகிறவர்கள் திருச்சிக்கும் மதுரைக்கும் அலையாமல் அறந்தாங்கியில் செய்துகொள்ள முடிந்தால் போதும்.

பிடிபட்ட பூனை பயத்தில் வளர்த்தவரையே கடிக்கும், பிறாண்டும். அறிவிப்பில் இதுவும் இருக்கட்டும்: காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பூனையும் வெறிநோயைப் பரப்பும் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

தொல்லை என்று சொல்லிப் பூனைக்கு விஷம் வைப்பவர்களும் இருக்கிறார்கள். பிராணியைக் கொல்வதும் ஊனப்படுத்துவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அந்த ஒரு வரியையும் ஊராட்சி அறிவிப்புப் பலகையில் எழுதச் சொல்லுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், கோட்டைப்பட்டினத்திலேயே தொடங்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்கள் ஊரில் இருப்பார்கள், விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களும் வீடுகளைத் திறப்பார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்ற பட்டியலை அந்த 61 நாட்களில் தெருவாரியாக ஊராட்சியும் ஜமாஅத்தும் சேர்ந்து எழுதிவிடலாம். பட்டியல் எழுத ஆள் வேண்டுமென்றால் எங்கள் தெருப் பெண்கள் தயார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வந்து இந்த மடலின் படியை மனுவாகவும் தருகிறோம். கால்நடைத் துறை அதிகாரியும் அன்று உடனிருந்தால் கூண்டு விஷயத்தை அங்கேயே பேசி முடிக்கலாம்.

இப்படிக்கு,
கோட்டைப்பட்டினத்திலிருந்து, பூனை வளர்க்கும் ஒரு குடும்பத்தலைவி