கப்பல் தரைதட்டும் முன்பே திட்டம் வேண்டும்: மீனவ கிராமங்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் ஊர் நிர்வாகிகள்,
பட்டினப்பாக்கம் முதல் ஊரூர் குப்பம் வரையிலான மீனவ கிராமங்களின் கூட்டமைப்பு,
சென்னை.

பெறுநர்:
உயர்திரு தலைமைச் செயலாளர் அவர்கள், தமிழ்நாடு அரசு;
உயர்திரு மீன்வளத் துறை ஆணையர் அவர்கள்;
உயர்திரு தலைவர் அவர்கள், சென்னைத் துறைமுக ஆணையம்;
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், சென்னை.

பொருள்: சொகுசுக் கப்பல் விபத்துக்குள்ளானால் அதை அகற்றுதல், எண்ணெய்க் கசிவு தடுத்தல், வேடிக்கை பார்க்கத் திரளும் கூட்டத்தை ஒழுங்குபடுத்துதல், மீனவர் இழப்பீடு ஆகியவற்றுக்கு முன்கூட்டியே திட்டம் வகுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கி வைக்கப்பட்டது. அதை நாங்கள் எதிர்க்கவில்லை. கடலை நம்பிப் பிழைப்பவர்கள் கடலில் இன்னொருவர் தொழில் செய்வதைத் தடுக்க மாட்டோம். ஆனால் ஆயிரக்கணக்கான உயிர்களையும் டன் கணக்கில் எரிஎண்ணெயையும் சுமந்துகொண்டு ஒரு கப்பல் எங்கள் கரைக்கு முன்னால் போகும்போது, அது தரைதட்டினால் யார் என்ன செய்வது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்தவரை அப்படி ஒரு திட்டம் எங்கள் ஊர்களுக்கு இதுவரை காட்டப்படவில்லை. இந்த மனு அதற்காகவே.

இத்தாலியில் ஜிலியோ என்றொரு சிறு தீவு. மீன்பிடியும் சுற்றுலாவும்தான் அங்கே பிழைப்பு. 2012 ஜனவரி 13 இரவு, கோஸ்டா கன்கார்டியா என்ற 290 மீட்டர் நீளக் கப்பல் அந்தத் தீவுக்கு வணக்கம் சொல்வது போல் கரையை ஒட்டி வந்து, லே ஸ்கோலே பாறையில் மோதியது. கப்பலில் இருந்தவர்கள் 4,229 பேர். இறந்தவர்கள் 32 பேர். நள்ளிரவுக் குளிரில் நனைந்து கரையேறியவர்களைத் தீவு மக்கள் வீட்டிலும் பள்ளியிலும் தேவாலயத்திலும் தங்கவைத்துப் போர்வையும் உணவும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டரை ஆண்டுகள் அந்தக் கப்பல் அவர்கள் வாசலிலேயே கிடந்தது.

அந்த இரண்டரை ஆண்டுகளில் அங்கே நடந்ததைக் கூர்ந்து படித்த பிறகே இந்தக் கோரிக்கைகளை எழுதுகிறோம்.

முதலில் எண்ணெய். ஜிலியோவில் மீட்புக் குழுவினர் கப்பலைத் தூக்குவதற்கு முன் எண்ணெயை வெளியே எடுத்தார்கள். விபத்து நடந்த அடுத்த மாதமே பணி தொடங்கி, 2012 மார்ச் இறுதிக்குள் 2,000 டன்னுக்கும் மேற்பட்ட எரிஎண்ணெய் உறிஞ்சி எடுக்கப்பட்டது. தொட்டியில் கெட்டியாகிக் கிடந்த எண்ணெயைச் சூடேற்றி இளக்கித்தான் எடுக்க முடிந்தது. இதோடு 2017 ஜனவரியில் எண்ணூரில் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரை முழுக்கக் கரும்பசை. அதை எங்கள் இளைஞர்களும் கல்லூரி மாணவர்களும் பிளாஸ்டிக் வாளியால் அள்ளிக் கொட்டினார்கள். தேசிய எண்ணெய்க் கசிவுத் திட்டம் கடலோரக் காவல்படையிடம் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். அந்தத் திட்டத்தின் மிதவைத் தடுப்பும் உறிஞ்சும் கருவியும் கையுறையும் காசிமேட்டிலும் எங்கள் கரையிலும் கிடங்கில் இருக்க வேண்டும். அவற்றைக் கையாள ஊருக்குச் சிலருக்காவது பயிற்சி தர வேண்டும்.

இரண்டாவது, கப்பலை முழுதாக அகற்றுதல். கன்கார்டியாவைக் கிடந்த இடத்திலேயே வெட்டித் துண்டாக்கியிருக்கலாம். அதைச் செய்தால் கப்பலுக்குள் இருந்த மெத்தை, ரசாயனம், சமையலறைக் கழிவு எல்லாம் அந்தக் கடலில்தான் கலந்திருக்கும். பாதுகாக்கப்பட்ட கடல் பகுதி அது. எனவே முழுதாகத் தூக்கிக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தார்கள். அதற்காகச் செய்த வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும், ஏனென்றால் 'முடியாது' என்ற பதிலை நாங்கள் பல முறை கேட்டிருக்கிறோம்.

கடலடியின் கருங்கல் பாறையில் துளையிட்டு இரும்பு மேடைகளை நட்டார்கள். கப்பலின் அடிக்கும் பாறைக்கும் இடையே இருந்த பள்ளங்களைச் சிமென்ட் கலவை நிரப்பிய பைகளால் அடைத்தார்கள். கப்பல் சறுக்கி ஆழத்தில் விழாமலிருக்கத் தடித்த இரும்புச் சங்கிலிகளால் கட்டினார்கள். வெளியே தெரிந்த பக்கத்தில் பல மாடி உயரமுள்ள இரும்புத் தொட்டிகளைப் பொருத்தி, கம்பி வடங்களை மெல்ல மெல்ல இறுக்கி, 2013 செப்டம்பர் 16 காலை தொடங்கி மறுநாள் விடிவதற்கு முன் நிமிர்த்தி முடித்தார்கள். ஏறக்குறைய 19 மணி நேரம். தண்ணீருக்குள் கிடந்த பக்கம் வெளியே வந்தபோது சேறு படிந்து பழுப்பேறி, பாறையில் அழுந்திய இடமெல்லாம் நசுங்கியிருந்தது. பிறகு இரு பக்கமும் சேர்த்து 30 தொட்டிகள். அவற்றிலிருந்த தண்ணீரை வெளியேற்றி, 2014 ஜூலையில் கப்பலை மிதக்கவிட்டு, ஜெனோவா துறைமுகத்துக்கு இழுத்துச் சென்று அங்கே உடைத்தார்கள். பணத்தைக் கட்டியது கப்பல் நிறுவனமும் அதன் காப்பீட்டாளர்களும். செலவு 100 கோடி யூரோவைத் தாண்டியது. இந்தப் பணியில் ஒரு முக்குளிப்பாளர் உயிரிழந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்; இது விளையாட்டு வேலை இல்லை.

மூழ்கிய கப்பல்களை அகற்றுவது பற்றிய நைரோபி உடன்படிக்கையில் 2011 முதல் இந்தியாவும் உறுப்பு நாடு. 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அகற்றும் செலவுக்குக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. அந்தச் சான்றிதழைத் துறைமுகம் நுழைவுக்கு முன்பே சரிபார்க்க வேண்டும், அந்த விவரம் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும் என்று கேட்கிறோம். 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியது. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகள் கன்னியாகுமரி, ராமநாதபுரம் கரை வரை ஒதுங்கின. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு நீதிமன்றம் போனது. கடல் மாவட்ட எல்லை பார்த்து நிற்காது. தமிழ்நாடும் அப்படி உரிமையோடு கேட்கத் தயாராக இருக்க வேண்டும்.

மூன்றாவது, பொறுப்பு ஒருவரிடம். ஜிலியோவில் இத்தாலியின் பேரிடர் பாதுகாப்புத் துறைத் தலைவரே அரசின் ஆணையராக நியமிக்கப்பட்டார். கடல்நீரின் தரத்தையும் பணியின் போக்கையும் கண்காணிக்கத் தனிக் குழுவும் இருந்தது. இங்கே துறைமுகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், காவல்துறை, மீன்வளத் துறை என்று நாங்கள் வாசல் வாசலாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. விபத்து நடந்தால் அன்றே யார் பொறுப்பு அதிகாரி என்பது இன்றைக்கே அரசாணையாக வரட்டும். கண்காணிப்புக் குழுவில் மீனவ ஊர்களின் பிரதிநிதிகளுக்கு இடம் தர வேண்டும். எந்த மாதம் நீரோட்டம் வடக்கே ஓடும், எந்த மாதம் தெற்கே திரும்பும் என்பது எங்கள் பெரியவர்களுக்குக் கையிலுள்ள ரேகை போலத் தெரியும். எண்ணெய் எந்தக் கரைக்கு ஒதுங்கும் என்று சொல்ல அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டாலே போதும்.

இனி, கூட்டம். இதை நாங்கள் வலியோடு எழுதுகிறோம். 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில் பிரதீபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் எங்கள் கரையில் தரைதட்டியது. அலையில் கவிழ்ந்த உயிர்காக்கும் படகிலிருந்து மாலுமிகளை மீட்க எங்கள் ஆட்கள் ஃபைபர் படகோடு இறங்கினார்கள். அதற்குள் ஆறு பேரைக் கடல் கொண்டுபோய்விட்டது. அடுத்த நாளிலிருந்து நகரம் முழுவதும் கப்பலைப் பார்க்க வந்தது. குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கப்பலைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்தார்கள். படகை மணலில் ஏற்றும் இடத்திலும் வலை காயும் இடத்திலும் ஆட்கள் நின்றார்கள். மீன் ஏலம் போடும் பெண்கள் கூடையை இறக்க இடம் தேடினார்கள். காணாமல் போனவர்களின் உடல்கள் இன்னும் கிடைக்காமல் இருந்த நாட்கள் அவை.

ஜிலியோவிலும் அந்தச் சிதைவைப் படம் எடுக்கவே படகேறி வந்தவர்கள் உண்டு. கப்பலை நிமிர்த்திய நாளில் உலகத் தொலைக்காட்சிகள் அனைத்தும் அந்தச் சிறு துறைமுகத்தில் இருந்தன. ஆனால் அன்றுகூட இருவரின் உடல்கள் கிடைக்கவில்லை. அதில் ஒருவர் கப்பலில் பணியாளராக இருந்த நம் இந்தியர். அவரது உடல் 2014 நவம்பரில், ஜெனோவாவில் கப்பலை உடைக்கும்போதுதான் கிடைத்தது. கேமராக்களில் பெரும்பாலானவை அதற்குள் வேறு செய்திக்குப் போய்விட்டன. மக்கள் பார்ப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. பார்ப்பவர்கள் இருந்ததால்தான் ஜிலியோவில் வேலையும் பாதியில் நிற்கவில்லை என்று நம்புகிறோம். ஆனால் பார்ப்பதற்கு ஓரிடம், தொழிலுக்கு ஓரிடம் என்று முதல் நாளே கயிறு கட்டிப் பிரிக்க வேண்டும். படகுத்துறையும் மீன் ஏலம் நடக்கும் இடமும் அடைபடக் கூடாது. தேடும் பணி முடியும் வரை உடல்கள் ஒதுங்கும் கரைப்பகுதியில் வேடிக்கை பார்ப்போரை அனுமதிக்கக் கூடாது. கப்பலின் நிலை, கடல்நீரின் தரம், மீன் பிடிக்கலாமா கூடாதா என்பவை தினமும் தமிழில் அறிவிக்கப்பட வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தை வதந்திதான் நிரப்பும், எங்கள் மீனை யாரும் வாங்க மாட்டார்கள்.

இழப்பீடு பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. கடலுக்குப் போக வேண்டாம் என்று அரசு சொல்லும் முதல் நாளிலிருந்து நாள்படி வழங்க வேண்டும். படகு உரிமையாளருக்கு மட்டுமல்ல, கூலிக்குப் போகிறவருக்கும், மீன் விற்கும், கருவாடு போடும் பெண்களுக்கும் சேர்த்து. கப்பல் நிறுவனத்திடம் வசூலிப்பதை அரசு பிறகு பார்த்துக்கொள்ளட்டும்.

கப்பல் போன பிறகும் வேலை இருக்கிறது. ஜிலியோவில் கடலடி மேடைகளையும் சிமென்ட் பைகளையும் அகற்றி, கடற்புல்லை மறுபடி நட்டுச் சீர்செய்யும் பணி கப்பல் கிளம்பிய பின் பல ஆண்டுகள் நீடித்தது. இங்கேயும் கடலடி சீராகும் வரை கப்பல் நிறுவனத்திடம் பெறும் பிணைத்தொகையை விடுவிக்கக் கூடாது.

இன்னொன்று. விபத்துக்குப் பிறகு 2012 மார்ச்சில் இத்தாலி அரசு, கடல் பூங்காக்களை ஒட்டிப் பெரிய கப்பல்கள் செல்லத் தடை விதித்தது. மன்னார் வளைகுடாவிலும், எங்கள் வலைகள் கிடக்கும் கரையோரத்திலும் சொகுசுக் கப்பல்கள் காட்சிக்காக நெருங்கி வருவதை இப்போதே தடுக்க வேண்டும். 32 பேர் இறந்த பிறகு போடும் ஆணையை அதற்கு முன்பே போடலாம்.

மேற்கண்ட கோரிக்கைகள் குறித்துத் தாங்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முன் எங்கள் ஊர் நிர்வாகிகளை அழைத்துப் பேச வேண்டும் என்றும், எடுக்கப்படும் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் ஊர் நிர்வாகிகள்.